ரஸ் டியர்னியின் இடது காது

கதவு திறந்தே இருக்கட்டும், மேடம். சின்ன அறையில் கதவைச் சாத்தினால் என் குரல் சுவரில் மோதி என்னிடமே திரும்பி வரும். அது எனக்கு ஆகாது. காலமெல்லாம் ஒலியோடு புழங்கியவனுக்கு இந்த மாதிரி சில கிறுக்குகள் வந்துவிடும். காப்பிக்கு நன்றி. எங்கள் ஸ்டுடியோக் காப்பிக்கு இது எவ்வளவோ மேல்.

டீனோவைப் பற்றி விசாரிக்கத்தான் நீங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசுகிறீர்கள் என்று தெரியும். மன்ஹாட்டன் ராக்காட்சி வரைந்த பெரிய பலகையை மேடையின் உயரத்திலிருந்து இறக்குவது அவன் வேலை. பலகையின் அடியில் கனமான இரும்புக் குழாய். அது அன்றைக்கு ரஸ் டியர்னியின் தலையில் இறங்கியது, ஆள் அங்கேயே போய்விட்டான். டீனோ குடித்திருந்தானா, கயிறு இற்றுப்போயிருந்ததா என்று கேட்கிறீர்கள். டீனோ குடிப்பதில்லை. கயிறும் புதுசு. ஐம்பது வயது ஆள், பிராங்க்ஸில் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்து அழுகிறான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மனசு கேட்கவில்லை. அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லத்தான் நானாகவே வந்தேன்.

அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் நார்ம் பெலாஸ்கோ. ரஸ்ஸின் ராத்திரி டி.வி. காமெடி நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு செய்பவன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தைரியசாலிகள் மைக்குக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். என் மாதிரி ஆட்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொள்கிறோம்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஜனாதிபதியைக் கிண்டலடிப்பது மாமனாரைக் கிண்டலடிப்பது மாதிரி இருந்தது. 'ஜனாதிபதி விமானப் படிக்கட்டுல வழுக்கி விழுந்தாராம். துணை ஜனாதிபதி மூச்சு இருக்கான்னு ஓடி வந்து பார்த்தாராம். இருந்துதாம். பாவம், மனுஷனுக்கு ரொம்ப வருத்தம்.' அவ்வளவுதான். இந்தக் கட்சிக்கு ஒன்று, அந்தக் கட்சிக்கு ஒன்று. கிண்டலடிக்கப்பட்டவரே அடுத்த மாதம் வந்து எங்கள் சோபாவில் கால்மேல் கால் போட்டுச் சிரித்துவிட்டுப் போவார்.

இரட்டைக் கோபுரம் விழுந்தபோது நான் வேறொரு சின்ன நிகழ்ச்சியில் இருந்தேன். அந்த வருடம் அங்கிருந்த எங்கள் காமெடியன் அரசாங்கத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். வழக்கம்போலச் சிரிப்பு வருமென்று நான் காத்திருந்தேன். வரவில்லை. கூடம் நிறைய ஜனங்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்ட அந்தச் சத்தமின்மை என் ஹெட்போனுக்குள் வந்து இறங்கியது. அடுத்த வாரம் போனால் ஸ்டுடியோவில் பூட்டு மாற்றியிருந்தார்கள். அந்த மனிதரை அதற்கப்புறம் எந்த டி.வி.யிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சத்தமின்மையை இப்போதும் சில நாள் குளிக்கும்போதுகூடக் கேட்கிறேன்.

பிறகு காலம் இன்னொரு விதமாகத் திரும்பியது. ஜனங்கள் ஜோக்குக்குச் சிரிப்பதை விட்டுவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. சிரிப்பு மனிதனைக் கேட்காமல் வாயிலிருந்து விழுந்துவிடும். கைதட்டல் அவன் யோசித்துக் கொடுப்பது. பாதி நாடு கைதட்டியது, பாதி நாடு பல்லைக் கடித்தது, மேலே இருப்பவர்கள் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ரஸ் ஒருவன்தான் இன்னமும் சிரிப்பை வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்காதவன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அதுதான் ஆபத்து, மேடம். கைதட்டலை மன்னித்துவிடுவார்கள். சிரிப்பை மன்னிக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ரஸ்ஸுக்குக் காது கேட்காது. வலது காது எப்போதோ போய்விட்டது. இடது காதும் சில வருடங்களாக முக்கால்வாசி போய்விட்டது; கிட்டே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வான். செவிடான காமெடியனைச் சேனல் ஒரு வாரம்கூட வைத்திருக்காது. அதனால் காதும் காதும் வைத்தாற்போல ஒரு ஏற்பாடு செய்தோம். பட்டாணி அளவில், தோல் நிறத்தில் ஒரு கருவி இடது காதுக்குள். மேடைக்கும் கூடத்துக்கும் மேலே தொங்கும் மைக்குகள் பிடிக்கிற சத்தமெல்லாம் என் மேஜைக்கு வரும். அங்கே ஒரு ஃபேடர், அதாவது விரலால் மேலே கீழே தள்ளுகிற குமிழ். அதன் வழியாகத்தான் அவன் காதுக்குப் போகும். அவன் மனைவியையும் டாக்டரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

முதல் நாள் அதை மாட்டிவிட்டபோது அவன் சொன்னான்: "நார்ம், இனிமே என் காது உன் கையிலடா. கூடம் சிரிக்குதா இல்லையான்னு நீ விட்டாத்தான் எனக்குத் தெரியும்."

"அப்ப என் சம்பளத்தை ஏத்தச் சொல்லு."

"என்னது? ஒண்ணும் கேக்கலையே."

அப்படிப்பட்ட ஆள். எனக்கு அவனைப் பிடிக்கும். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன வருடம் ஸ்டுடியோவின் பின்வாசலில் ஒருத்தன் வந்து நிற்க ஆரம்பித்தான். கையில் ஒன்றும் இல்லை. ரஸ் காரில் ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டே நிற்பான். காவலாளி கேட்டால் "நான் அவர் ரசிகன்" என்பான். சிரிக்காத ரசிகனை நான் பார்த்ததில்லை. ரஸ்ஸிடம் சொன்னேன். "கையெழுத்து கேட்கக் கூச்சப்படுறான்டா, பாவம்" என்று போய்விட்டான். அந்த மாதிரி ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அதே வாரம் விட்லாக் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சேனலில் பெரிய அதிகாரி. ஒலிக்காரனை யாரும் சாப்பாட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்போது எங்கள் முதலாளிகள் இன்னொரு கம்பெனியை வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் தலையாட்ட வேண்டும். விட்லாக் கீரையை மென்றுகொண்டே பேசினார்.

"ரஸ்கிட்ட இதைப் பேசாதேன்னு நாங்க யாரும் சொன்னதில்லை, நார்ம். சொல்லவும் மாட்டோம். நம்ம வழக்கம் அது இல்லை."

"தெரியும் சார்."

"ஜனங்க எதுக்குச் சிரிக்கிறாங்களோ அதைத்தானே அவர் சொல்வார்? நாய், பூனை, மாமியார்னு சிரிச்சா அதைச் சொல்லிட்டுப் போறார். நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்கலை, என்ன?"

"ஒண்ணும் கேட்கலை சார்."

உண்மையிலேயே அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரஸ்ஸின் காதைப் பற்றி அவருக்குத் தெரியவும் தெரியாது. யோசனை முழுக்க என்னுடையது. ஸ்டுடியோவுக்குத் திரும்பி நடக்கும்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

எங்கள் பதிவு சாயங்காலம்தான் நடக்கும், ராத்திரி ஒளிபரப்பு. மத்தியானத்திலிருந்தே வரிசையில் நின்ற ஊர்ப்புறத்து ஜனங்கள் குளிர் ஏற்றிய கூடத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குளிரில்தான் நன்றாகச் சிரிப்பார்கள் என்பது எங்கள் தொழில் கணக்கு. அன்று ரஸ் சொன்னான்: "மக்களோட குரல் எனக்குத் தினமும் கேட்குதுன்னு செனட்டர் சொல்றார். அதுக்குத்தான் கார் கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுப் போறார்." கூடம் வெடித்தது. நான் ஃபேடரை இறக்கினேன். முழுக்க இல்லை, பக்கத்து வீட்டு டி.வி. அளவுக்கு. ரஸ்ஸின் புருவம் லேசாக ஏறியது. சமாளித்துக்கொண்டு தன் நாயைப் பற்றி ஏதோ சொன்னான். உப்புச்சப்பில்லாத ஜோக். நாலு பேர் சிரித்தார்கள். நான் ஃபேடரை நன்றாக ஏற்றினேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அதை நான்தான் கொடுத்தேன் என்று நினைத்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. அரசியல் வந்தால் இறக்குவேன், நாய் வந்தால் ஏற்றுவேன். அவன் சொல்லுகிற ஒரு எழுத்தைக்கூட நான் தொட்டதில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று அவனேதான் முடிவு செய்தான்.

மிரியம் காஷ்தான் இடைஞ்சலாக இருந்தாள். ஜோக் எழுதுகிறவர்களுக்குத் தலைவி, வாய்த்துடுக்கு. தினமும் கூடத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்பாள். ஒருநாள் பதிவு முடிந்ததும் என் அறை வாசலில் ரஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ரஸ், என் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒஹையோ ஊர்க்காரம்மா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருக்கா, நீ பாட்டுக்கு அடுத்ததுக்கு ஓடிட்டே?"

"செத்துப்போன ஜோக்குக்கு எவ்வளவு நேரம் துக்கம் கொண்டாடச் சொல்றே?"

"செத்துப்போச்சா? கூரை பிச்சுக்கிட்டுப் போச்சு! காது என்ன அடைச்சுக்கிச்சா உனக்கு?"

ரஸ்ஸின் முகம் வெளுத்துப்போனது. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தான். பயத்தில் கோபம் வந்தது. "முகத்துக்கு நேரே பொய் சொல்ற ஆள் எனக்கு வேண்டாம், மிரியம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நார்ம், நீயாவது சொல்லேன். நீதானே காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கே."

"சுமார்தான் மிரியம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வாரத்தில் அவளை அனுப்பிவிட்டான். மேஜைமேல் வைத்திருந்த கள்ளிச்செடித் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனாள். போகும்போதுகூட "செடியும் நானும் ஒரே ரகம், தண்ணி இல்லாமலும் பிழைச்சுப்போம்" என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பதிவு செய்ததைப் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றாதா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது. ஒருநாள் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தை முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"இதுல சிரிக்கிறாங்களேடா?"

"அது நான் போட்டது."

எங்கள் தொழிலில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எல்லா நிகழ்ச்சியிலும் ஒளிபரப்புக்கு முன்னால் கொஞ்சம் சிரிப்பைத் தூவுவார்கள், ரஸ்ஸுக்குத் தெரியாததா? முப்பது வருடமாக இதிலேயே ஊறினவன். பதிவில் கேட்கிற சிரிப்பை நம்பாதே, கூடத்தில் கேட்பதை மட்டும் நம்பு என்று புதுசாக வருகிறவர்களுக்கு அவனே சொல்வான். வீட்டில் மனைவி டி.வி. பார்த்துவிட்டு ஜனங்கள் என்னமாய்ச் சிரித்தார்கள் என்று சொன்னபோதும் நம்பவில்லை.

"எவ்வளவு நாளா போடறே?"

"கொஞ்ச நாளா. நீ வருத்தப்படுவியேன்னு சொல்லலை."

என் தோளைத் தட்டி "நன்றிடா" என்றான்.

அதற்கப்புறம் அவன் மெலிந்துபோனான். ஒருநாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

"நார்ம், முன்வரிசையில வாயைத் திறக்கிறாங்க. பல்லு தெரியுது, தோளு குலுங்குது. சத்தம் வரலை. கனவுல வர்ற மாதிரி இருக்கு. யாராவது அவங்களை நடிக்கச் சொல்லியிருக்காங்களா?"

"மரியாதைக்குச் சிரிக்கிறாங்க ரஸ். மரியாதைச் சிரிப்புக்கு அவ்வளவுதான் சத்தம்."

"நாய் ஜோக்குக்கு மட்டும் கேட்குதே."

"அது நிஜச் சிரிப்பு."

"எனக்குப் பயமா இருக்குடா" என்றான்.

"எனக்கும்தான்" என்றேன். அது பொய்யில்லை.

புதுக் கருவி வேண்டுமென்றான், வாங்கிக் கொடுத்தேன். டாக்டரிடம் போனான், காது முன்பு இருந்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கடைசியில் அவன் முழுக்க நாய்க்கு மாறிவிட்டான். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், ஆனால் விட்லாக் ஒரு பழக்கூடை அனுப்பினார். பின்வாசலில் நின்றவன் வருவதை நிறுத்திவிட்டான். நீங்களே பாருங்கள், நான் செய்தது பலித்ததா இல்லையா?

அது அப்படியே போயிருக்கும். போன வியாழக்கிழமை மத்தியானம் ரஸ் என் அறைக்கு வந்தான். முகத்தில் பழைய களை.

"நேத்து சாண்ட்விச் கடை வாசல்ல ஒரு ஆளு என்னைப் பிடிச்சுக்கிட்டான். கட்டட வேலைக்காரன். அந்த செனட்டர் ஜோக்கை எனக்கே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறான். என் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்டா. அந்தக் குலுக்கல் என் எலும்புக்குள்ள தெரிஞ்சுது. அது மரியாதை இல்லை."

"ஒருத்தன் சிரிச்சா ஆச்சா?"

"இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லப்போறேன். கடைசி ஜோக். சிரிக்கலைன்னா இனிமே நாய்தான், சத்தியமா."

"வேண்டாம் ரஸ்" என்றேன். "காலம் சரியில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்காதே."

"நீ ஏன்டா இப்படி நடுங்கறே? சொல்றவன் நான்." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மேடையில் நாங்கள் வேலை செய்யும் விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், டீனோவுக்காக. ரஸ் தரையில் ஒட்டிய ஒரு அடையாளத்தின்மேல் நின்றுதான் ஜோக் சொல்வான். கடைசி ஜோக்குக்கு வரும் சிரிப்பு அடங்கும்வரை அங்கேயே நிற்பான். அடங்கியதும் மேஜையைப் பார்த்து முதல் அடி வைப்பான். அந்த அடியைப் பார்த்துத்தான் டீனோ பலகையை விடுவான். ரஸ் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் மன்ஹாட்டன் வந்து இறங்கியிருக்கும். எத்தனையோ வருடமாக அப்படித்தான். வேகமாக இறங்கும், நடுவில் நிறுத்துவது கஷ்டம்.

ரஸ் சொன்னான்: "ஜனாதிபதி மாளிகையிலேர்ந்து நேத்து எனக்குப் போன் வந்துது. 'உங்க நிகழ்ச்சியை நாங்க யாருமே பார்க்கிறதில்லை'ன்னாங்க. சரி, ரொம்ப சந்தோஷம்னேன். 'அந்த மூணாவது ஜோக்கை மட்டும் எடுத்துடுங்க'ன்னாங்க."

அந்த மாதிரிச் சிரிப்பை நான் என் வேலைக்காலத்தில் கேட்டதில்லை. அலை அலையாக வந்தது. மீட்டரில் முள் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்சமாக இறக்கினால் போதாது என்று தெரிந்தது. முழுக்க மூடினேன்.

ரஸ் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. தலையை ஒருமுறை ஆட்டிக்கொண்டு மேஜையைப் பார்த்து ஒரு அடி வைத்தான். டீனோ பலகையை விட்டான். அவன் செய்தது சரி. அந்த நேரம் பார்த்து முன்வரிசை ஜனங்கள் எழுந்து நின்றார்கள். ரஸ் அதைப் பார்த்துவிட்டான். திரும்பி அடையாளத்துக்கே வந்து, வாயைத் திறந்துகொண்டிருந்த அத்தனை முகங்களையும் பார்த்தான். விரலால் காதைத் தொட்டுக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப்பக்கம் இருந்த என்னைப் பார்த்தான். கருவி வேலை செய்கிறதா என்று கேட்கிறான். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அவன் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோன குழந்தை. அங்கேயே நின்றான்.

டீனோ தன்னால் முடிந்ததெல்லாம் செய்தான். கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். உள்ளங்கை உரிந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். "ரஸ், நகரு! மேலே பாரு!" என்று கத்தினான். அந்தக் கூச்சல் மைக்குகள் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. நேரமும் இருந்தது. கூடத்தில் யாரும் அதைக் கூச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

நீங்கள் கயிற்றைப் பற்றிக் கேட்டீர்கள், குடியைப் பற்றிக் கேட்டீர்கள். என் விரல் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஃபேடர்மேல்தான் இருந்தது. ஒரு அங்குலம் மேலே தள்ளியிருந்தால் டீனோவின் குரல் ரஸ்ஸுக்குக் கேட்டிருக்கும், நகர்ந்திருப்பான். தள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் தள்ளவில்லை. திறந்தால் அந்தக் கூச்சலோடு கூடத்தின் சிரிப்பும் அவன் காதுக்குள் போய்விடும். அதை ஒருமுறை கேட்டுவிட்டால் மறுநாளும் அதே மாதிரி ஒன்றைச் சொல்லுவான், அதற்கு மறுநாளும் சொல்லுவான்.

அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது, மேடம்.